ஏழு ஷிலிங்

மெல்பேர்ணின் மேற்கிலுள்ள சன்ஷைனில், கடைத்தொகுதிக்கும் கார்த் தரிப்பிடத்துக்கும் அருகே ஒரு பழைய மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. வியட்நாமியர் கடையில் சூப் குடித்துவிட்டு வருகிறவர்கள் யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. நேரம் பார்க்கத்தான் கைத்தொலைபேசி இருக்கிறதே. 2023 பங்குனியில் நானும் ஒரு தம்பியும் அதன் அடியில் அரை மணித்தியாலம் நின்றோம். பக்கத்தில் ஒரு சட்டத்தரணியைச் சந்திக்க வேண்டியிருந்தது. நாங்கள் நேரத்தோடு வந்துவிட்டோம். அவனுடைய கையில் ஒரு நீல நிற ஃபைல், அதற்குள் பத்து வருடக் கடிதங்கள். அவனுடைய பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். பழகிய நாளிலிருந்து நான் தம்பி என்றுதான் கூப்பிடுகிறேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

"இதென்ன ஐயா, ஊர்ச் சந்தி மணிக்கூடு மாதிரி?" என்று கேட்டான்.

"பக்ரறி மணிக்கூடு. வேலைக்கு வாற ஆக்களுக்கு நேரம் காட்டினது."

"பக்ரறி எங்க?"

"அது எப்பவோ போட்டுது."

அந்தத் தொழிற்சாலையின் கதையை அன்று அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன், முடிக்கவில்லை. சட்டத்தரணியின் நேரம் வந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

அது ஹியூ விக்டர் மக்கே என்பவரின் அறுவடை இயந்திரத் தொழிற்சாலை. 'சன்ஷைன் ஹார்வெஸ்டர்' என்ற இயந்திரத்தின் பெயர்தான் ஊருக்கும் வந்தது. 1906இல் மத்திய அரசு ஒரு தந்திரமான சட்டம் செய்தது. உள்நாட்டில் செய்யப்படும் விவசாய இயந்திரங்களுக்கும் வரி உண்டு, ஆனால் முதலாளி 'நியாயமான' கூலி கொடுப்பதாக நீதிமன்றத்தில் காட்டினால் வரி இல்லை. இறக்குமதித் தீர்வையால் முதலாளிக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறோம், அதில் ஒரு பங்கு தொழிலாளிக்கும் போகவேண்டும் என்பது அதன் எண்ணம். மக்கே வரிவிலக்குக் கேட்டு மனுப்போட்டார். விசாரித்தவர் நீதிபதி ஹென்றி போர்ன்ஸ் ஹிக்கின்ஸ். நியாயமான கூலி என்றால் என்னவென்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஹிக்கின்ஸ் தொழிலாளரின் மனைவிமாரைச் சாட்சிகளாகக் கேட்டார். வீட்டு வாடகை எவ்வளவு, விறகுக்கு எவ்வளவு, இறைச்சிக்கும் பாணுக்கும் எவ்வளவு? தொழிற்சாலையின் இலாபக் கணக்கில் தொடங்காமல் அடுப்படிக் கணக்கில் தொடங்கினார். 1907 நவம்பரில் தீர்ப்பு வந்தது: தொழில் தெரியாத ஒரு கூலியாளுக்கும், அவன் மனைவியும் மூன்று பிள்ளைகளும் ஓரளவு மரியாதையோடு வாழ, நாளுக்கு ஏழு ஷிலிங் வேண்டும். மக்கே கொடுத்தது ஆறு ஷிலிங்.

மக்கே விட்டுவிடவில்லை. அடுத்த வருடமே உயர் நீதிமன்றம் அந்த வரிச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. ஆனால் ஏழு ஷிலிங் என்ற அளவுகோல் மறையவில்லை. இணக்க, நடுத்தீர்ப்பு நீதிமன்றத்தில் ஹிக்கின்ஸ் அதையே அடிப்படைக் கூலியாகப் பிடித்துக்கொண்டார். நாடு முழுவதற்குமான 'அவார்ட்' முறை அந்த அளவுகோலைச் சுற்றித்தான் வளர்ந்தது. இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு அவார்ட் என்றால் பாடசாலைப் பரிசு. எங்களுக்கு அது வியாழக்கிழமைச் சம்பள உறையில் குறையாமல் இருக்கவேண்டிய தொகை.

இந்தக் கதையை நான் முதலில் கேட்டது தொழிற்சங்க வகுப்பொன்றில், 1990இல். சொன்னவர் கண் கலங்கச் சொன்னார். எனக்கும் நெஞ்சு நிறைந்தது. அடுப்படிக் கணக்கைக் கேட்டுக் கூலி தீர்மானித்த ஒரு நாட்டுக்கு வந்திருக்கிறேன் என்று பெருமையாக ஊருக்குக் கடிதம்கூட எழுதினேன். அந்த ஐந்துபேர்க் குடும்பத்துக்குள் யார் யார் இருக்கலாம், யார் இருக்க முடியாது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் பல வருடங்கள் எடுத்தன.

ஹிக்கின்ஸுக்குப் பதினொரு வருடம் முன்னால் விக்டோரியா மாநிலம் ஒரு தொழிற்சாலைச் சட்டம் கொண்டுவந்தது, 1896இல். கூலிச் சபைகள் அமைத்துக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க வழிசெய்தது அந்தச் சட்டம். உலகத்திலேயே அப்படியான முதல் முயற்சிகளில் ஒன்று என்று தொழிலாளர் வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் உண்டு. அதே சட்டத்தில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. மெல்பேர்ணில் சீனத் தச்சர்கள் செய்த மேசை, கதிரை, அலுமாரி எல்லாவற்றிலும் அது சீனர் உழைப்பு என்று முத்திரை குத்தவேண்டும். ஐரோப்பியர் மட்டும் செய்ததென்றால் அதற்கு வேறு முத்திரை. வாங்குகிறவர் கதிரையைக் கவிழ்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கூலிப் பாதுகாப்பும் முத்திரையும் தற்செயலாக ஒரே சட்டத்துக்குள் வந்து சேரவில்லை. கூலியைக் காப்பாற்ற வேண்டுமானால் குறைந்த கூலிக்கு வேலை செய்யக்கூடியவனை வெளியே நிறுத்தவேண்டும் என்று அன்றைய தொழிற்சங்கக்காரர் மனதார நம்பினார்கள். அவனுக்கும் அதே கூலியைக் கொடுத்தால் பிரச்சினை தீரும் என்ற யோசனை அவர்களில் மிகச் சிலருக்கே வந்தது.

1901இல் நாடு ஒன்றானபோது புதிய பாராளுமன்றத்தின் ஆரம்ப வேலைகளில் ஒன்று குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம். நிறத்தைப் பற்றி அதில் நேரடியாக எதுவும் எழுதவில்லை. ஐரோப்பிய மொழி ஒன்றில் ஐம்பது சொல் சொல்லெழுத்து எழுதவேண்டும் என்று மட்டும் இருந்தது. எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். 1934இல் எகோன் கிஷ் என்ற பத்திரிகையாளர், பல மொழி தெரிந்தவர், சிட்னியில் இறங்கியபோது அவருக்குக் கொடுத்தது ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழி. அந்தச் சோதனை 1958 வரை சட்டத்தில் இருந்தது.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் ஞாபகம் வரும். அப்பா கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின், சம்பள உயர்வுக்கும் பதவி உயர்வுக்கும் சிங்களப் பரீட்சை என்றானது. அப்பாவுக்குச் சிங்களம் பேசத் தெரியும், சந்தையில் பேரம் பேசுமளவுக்கு. ஆனால் பரீட்சை எழுத மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து, கிடைத்த சிறு ஓய்வூதியத்தோடு நேரத்துக்கே ஊர் திரும்பினார். மொழியை வைத்து ஒருவனுடைய வேலையைப் பறிக்கலாம் என்பது வெள்ளைக்காரனுக்கு மட்டும் தெரிந்த வித்தை அல்ல. சொல்லெழுத்துச் சோதனையை இந்த நாடு கைவிட்டதும் எங்கள் நாடு மொழிப் பரீட்சையைத் தொடங்கியதும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில்.

ஏழு ஷிலிங்குக்கு வருவோம். அது ஆணுக்கான கூலி. பெண்ணுக்கு ஆணின் கூலியில் பாதிக்குச் சற்றுக் கூட, இரண்டாம் உலகப் போர்வரை வழக்கத்தில் இருந்தது 54 வீதம். அவளுக்குக் காப்பாற்றக் குடும்பமில்லை என்பது காரணம். விதவைக்கும் அதே காரணம். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற தீர்ப்புகள் 1969இலும் 1972இலும்தான் வந்தன. இந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்கு அதுவுமில்லை. வடக்கில் மாட்டுப் பண்ணைகளில் வேலைசெய்த ஆதிவாசிகள் அவார்டுக்கு வெளியிலேயே வைக்கப்பட்டிருந்தார்கள். பலருக்குக் கூலி மாவும் சீனியும் தேயிலையும்தான். 1966இல் அவர்களையும் சேர்க்க நடுத்தீர்ப்பு ஆணைக்குழு தீர்மானித்தது, ஆனால் மூன்று வருடம் பொறுக்கச் சொன்னது போல 1968 டிசம்பர்வரை தள்ளிவைத்தது. அந்த வருடமே வேவ் ஹில்லில் குரிந்ஜி மக்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். சம கூலி நடைமுறைக்கு வந்தபோது பல பண்ணைகள் அவர்களைக் கூலிக்கு வைத்திருக்கவில்லை, வெளியேற்றிவிட்டன. உரிமை வந்த நாளில் வேலை போனது. தொழிலாளர் வரலாற்றில் இது அடிக்கடி நடக்கிற ஒன்று.

போருக்குப் பின் ஆள் தேவைப்பட்டது. ஐரோப்பிய அகதி முகாம்களிலிருந்து ஏறத்தாழ 170,000 பேரைக் கொண்டுவந்தார்கள். இரண்டு வருடம் அரசு காட்டும் இடத்தில் வேலை செய்யவேண்டும் என்பது ஒப்பந்தம். மருத்துவரோ பொறியியலாளரோ, பத்திரத்தில் ஆணுக்குக் கூலியாள், பெண்ணுக்கு வீட்டுப் பணியாள் என்ற இரண்டே பெயர்கள். பிறகு இத்தாலியர், கிரேக்கர், யூகோஸ்லாவியர், துருக்கியர். மெல்பேர்ணின் கார்த் தொழிற்சாலைகளை நிரப்பியவர்கள் இவர்கள். 1961இல் பொனெகில்லா முகாமில் வேலை கொடு அல்லது திருப்பி அனுப்பு என்று கலவரம் நடந்தது. 1973இல் புரோட்மெடோஸ் போர்ட் தொழிற்சாலையில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி எங்கள் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை, பேசவேண்டும். வேலைநிறுத்தக்காரரில் பெரும்பான்மையோர் ஆங்கிலம் சரியாகத் தெரியாத குடியேறிகள். அவர்களுக்குச் சம்பளத்தைவிடப் பெரிய குறை தொடர் பட்டியின் வேகம். மலசலகூடத்துக்குப் போகக்கூட நேரமில்லை. சங்கத் தலைவர்கள் வேலைக்குத் திரும்பச் சொன்னார்கள். யூன் 13ஆம் திகதி தொழிலாளர்கள் மதிலை இடித்தார்கள். அவர்கள் அன்று கோபித்தது கொம்பனியோடு மட்டுமல்ல, தங்கள் மொழியில் தங்களைக் கேட்காத சங்கத்தோடும்தான்.

அதற்கு அடுத்த மாதமே, 1973 யூலையில், விட்லம் அரசு எல்லா இறக்குமதித் தீர்வையையும் ஒரே வெட்டாக 25 வீதம் குறைத்தது. அதே வருடம் வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கையின் மிச்சசொச்சமும் நீங்கியது. ஹிக்கின்ஸின் வீடு மூன்று தூணில் நின்றது: தீர்வை, அவார்ட், நிறத்தடை. நாங்கள் உள்ளே வரத் தடையாக இருந்த தூண் விழுந்தது, நல்லது. ஆனால் மற்ற இரண்டும் ஆடத் தொடங்கிய வீட்டுக்குள்தான் நாங்கள் பெட்டியோடு வந்து இறங்கினோம்.

1983 யூலைக்குப் பின் வந்தவர்களில் நானும் ஒருவன். 1988இல் மெல்பேர்ண். ஊரில் படவரைஞராக இருந்தவன், இங்கே டண்டினோங்கில் காரின் கதவுக்கு உட்பக்கத் தகடு வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் விளிம்பு செதுக்கினேன். போர்மன் என் பெயரைச் சொல்லிப்பார்த்து மூன்றாம் எழுத்தில் களைத்து 'சாம்' என்று வைத்தார். நல்ல மனிதர், மோல்டாக்காரர். அவருடைய பெயரையும் யாரோ அப்படித்தான் வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் நின்றவர்கள் வியட்நாமியர், கம்போடியர், சிலி நாட்டவர். சம்பளம் அவார்ட்படி. அந்த மூன்று வருடமும் நான் சந்தோசமாக இருந்தேன் என்று சொன்னால் என் மனைவி நம்பமாட்டா, ஆனால் உண்மை.

காருக்கான தீர்வை அப்போது படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. எண்பதுகளின் நடுவில் 57.5 வீதமும் அதற்குமேல் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடும் இருந்தன. 1988இல் 45. 2000இல் 15. 2010இல் 5. ஒவ்வொரு படியிலும் எங்கேயோ ஒரு தொழிற்சாலை மூடியது. நிசான் 1992இல் கிளேற்றனில் கார் செய்வதை நிறுத்தியது. வட்டி வீதம் ஏறி, பொருளாதாரம் கவிழ்ந்து, 1992 முடிவில் வேலையில்லாதோர் 11 வீதத்தை நெருங்கினார்கள். எனக்கு 1991இல் வேலை போனது. இரண்டரை வருடம் வேலையில்லாமல் இருந்தேன். அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன், ஏனென்றால் அங்கே முதல் கேள்வி "இப்ப எங்க வேலை?" என்பதுதான். சமூகவிலக்கம் என்று பேராசிரியர்கள் எழுதும்போது அரசாங்கத்தையும் முதலாளியையும் மனதில் வைத்து எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் கோயில் வாசலில் செருப்புக் கழற்றும் இடம்தான் ஞாபகம் வருகிறது.

சிட்னியில் இருந்த என் மைத்துனருக்கு வேறு விதமான அடி. அவர் யாழ்ப்பாணத்தில் மருத்துவர். வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் எழுதும் தேர்வில், 1992 முதல், சித்தி பெற்றாலும் வருடத்துக்கு 200 பேர்தான் அடுத்த படிக்குப் போகலாம் என்று எல்லை வைத்தார்கள். இந்தியாவில் படித்த ஒரு மருத்துவர் இதை எதிர்த்து மனித உரிமை ஆணைக்குழுவுக்குப் போனார். 1995இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. 1996இல் சமஷ்டி நீதிமன்றம் அதை மாற்றியது. பிறப்பிடத்தைப் பார்க்கவில்லை, எங்கே பயிற்சி பெற்றார் என்பதைத்தான் பார்த்தோம் என்ற வாதம் நின்றது. சில வருடங்களில் நாட்டுப்புறங்களில் மருத்துவர் இல்லையென்று இந்த நாடே வெளிநாட்டு மருத்துவர்களைத் தேடத் தொடங்கியது. மைத்துனர் அதற்குள் ஹோம்புஷிலிருந்து தினமும் ரயிலேறிப் போய் ஒரு இரசாயன ஆய்வுகூடத்தில் குப்பி கழுவிக்கொண்டிருந்தார். கடைசிவரை ஸ்டெதஸ்கோப்பைத் தொடவில்லை.

1994இல் எனக்குத் திரும்ப வேலை கிடைத்தபோது வேலையே வேறாகிவிட்டிருந்தது. இம்முறை தொழிற்சாலை என்னை வேலைக்கு எடுக்கவில்லை. ஆள்வழங்கும் ஒரு முகவர் எடுத்து தொழிற்சாலைக்கு அனுப்பினார். காலை ஐந்தரைக்குத் தொலைபேசி அடித்தால் வேலை, அடிக்காவிட்டால் இல்லை. சுகவீன விடுமுறையும் வருட விடுமுறையும் இல்லை. அதற்குப் பதிலாக மணிக்கூலி சற்றுக் கூட. 1984இல் இந்த நாட்டில் இப்படி 'கஷுவல்' ஆக இருந்தவர்கள் தொழிலாளரில் ஏறத்தாழ 16 வீதம். தொண்ணூறுகளின் முடிவில் நான்கில் ஒருவர். ஐந்துபேர்க் குடும்பத்தின் ஒரு கிழமைச் செலவை வைத்து ஹிக்கின்ஸ் கணக்குப் போட்டார். தொலைபேசி அடிக்குமா என்று தெரியாதவனுடைய கிழமைக்கு என்ன கணக்கு? புதிதாக வந்த குடியேறிகளுக்கு 1993இல் ஆறு மாதமும், 1997இல் இரண்டு வருடமும், 2019இல் நான்கு வருடமும் வேலையில்லாக் காலக் கொடுப்பனவு கிடையாது என்று அடுத்தடுத்து ஆக்கினார்கள். அகதிகளுக்கு அதில் விலக்கு உண்டு. நிரந்தர விசாவோடு வந்த அகதிகளுக்கு.

பிள்ளைகள் படித்துவிட்டார்கள், இனி இதெல்லாம் பழங்கதை என்று எங்கள் வீடுகளில் சொல்லிக்கொள்கிறோம். 2007இல் மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் சிட்னி, மெல்பேர்ண், பிறிஸ்பேன் நகரங்களில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட போலி வேலை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். கல்வி, அனுபவம் எல்லாம் ஒன்று. பெயர் மட்டும் வேறு. ஆங்கிலோப் பெயருள்ளவர் பெறும் அதே எண்ணிக்கையான நேர்முக அழைப்புகளைப் பெற, சீனப் பெயருள்ளவர் 68 வீதம் அதிகமாக விண்ணப்பிக்கவேண்டியிருந்தது. மத்திய கிழக்குப் பெயருக்கு 64, ஆதிக்குடிப் பெயருக்கு 35, இத்தாலியப் பெயருக்கு 12. எங்கள் பெயர்கள் அந்த ஆய்வில் இல்லை. இத்தாலியரின் 12ஐத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது வருடத்தில் 12க்கு இறங்கலாம் போலிருக்கிறது.

தம்பி வந்தது 2012 செப்ரெம்பரில், மன்னார்ப் பக்கமிருந்து, கொக்கோஸ் தீவுக்கு. அந்த வருடம் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள் ஆறாயிரத்துக்கு மேல். ஓகஸ்ட் 13க்குப் பின் வந்தவர்களுக்குப் புதிய விதி. தடுப்பு முகாமிலிருந்து வெளியே விடப்பட்டாலும் வேலை செய்யக்கூடாது. கொடுப்பனவு, குடிமகனுக்குக் கொடுக்கும் வேலையில்லாக் கொடுப்பனவில் 89 வீதம், அதாவது இரண்டு கிழமைக்கு 440 டொலர் அளவில். விசாக் கடிதத்தில் நிபந்தனை 8101 என்று நாலு இலக்கம். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும் என்று 2013இல் யாரோ அவனை என்னிடம் கூட்டிவந்தார்கள். நான்தான் அதை வாசித்துச் சொன்னேன். வேலை என்றால் என்ன என்பதற்கும் விளக்கம் இருந்தது: சாதாரணமாக யாராவது காசு கொடுத்துச் செய்விக்கக்கூடிய எதுவும் வேலை. அவன் யோசித்துவிட்டுக் கேட்டான்:

"அப்ப கோயில் மடத்தில மரக்கறி வெட்டினா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். அவன் அதற்குப் பிறகு அன்னதானத்துக்குச் சாப்பிட மட்டும் வந்தான். வெட்டுகிறவர்கள் பக்கம் போகவில்லை.

அதே வருடம், அதே டண்டினோங்கில், கொடுப்பனவு பெறும் குடிமக்கள் இரண்டு கிழமைக்கொருமுறை எத்தனை இடத்தில் வேலை தேடினார்கள் என்று எழுதிக்கொடுக்கவேண்டும். தேடாவிட்டால் காசு நிற்கும். ஒருவனை வேலை தேடவில்லையென்று தண்டிக்கிறார்கள், அவனுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறவன் வேலை செய்தால் தண்டிக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே அரசு. இதில் முரண்பாடு இருப்பதாக எனக்கு முதலில் தோன்றியது. பிறகு யோசித்தால் இல்லை. 1896 சட்டத்தில் கூலிச் சபையும் முத்திரையும் ஒன்றாக இருந்ததைப் போலத்தான் இதுவும். முன்பு கதிரையின் அடியில் குத்தியதை இப்போது ஆளின் கடிதத்தில் குத்துகிறார்கள்.

440 டொலரில் வாடகை போனால் மிச்சம் எதுவுமில்லை. ஊரில் தாயும், படகுக்கு வாங்கிய கடனும். அவன் என்ன செய்திருப்பான் என்று ஊகிக்க முடியாதவர்கள் இதை வாசிப்பவர்களில் இருக்கமாட்டார்கள். எங்கள் ஆட்கள் நடத்திய ஒரு உணவு தயாரிக்கும் இடத்தில், பின்கதவால் போய், இரவில் ரோல்ஸ் சுற்றினான். மணித்தியாலத்துக்குப் பத்து டொலர், கையில். சட்டப்படியான குறைந்த கூலி அப்போது 16 டொலர் 37 சதம். ஒரு இரவு எண்ணெய் கொட்டிக் கை வெந்தது. ஆசுபத்திரிக்குப் போனால் எங்கே நடந்தது என்று கேட்பார்கள் என்று பயந்து, மஞ்சள் பூசிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். நான் கூட்டிப்போனேன். சமைக்கும்போது என்று சொல்லச் சொன்னேன். அது பொய்யுமில்லை.

அந்த இடத்தின் முதலாளியை எனக்கு நன்றாகத் தெரியும். என் மகளின் கலியாணத்துக்குப் பலகாரம் அவரிடம்தான். எண்பத்தாறில் வந்து, இரண்டு வேலை செய்து, கடன்பட்டு அதை எழுப்பிய மனிதர். ஒருநாள் பேச்சுக்குப் பேச்சாக "அந்தப் பெடியளுக்குக் கொஞ்சம் கூட்டிக் குடுக்கலாமே" என்றேன். "அண்ணை, நான் குடுக்காட்டி ஆர் குடுப்பினம்?" என்றார். அது உண்மை. கதவடைத்த இடத்தில் பத்து டொலரும் உதவிதான் என்று அவர் நினைத்தார், நானும் வாயை மூடிக்கொண்டேன். சட்டம் ஒருவனை வேலைக்கு வெளியே வைக்கும்போது அவன் வேலை செய்யாமல் இருந்துவிடுவதில்லை. ஆறு டொலர் 37 சதம் மலிவாகிறான். அந்த ஆறு டொலர் 37 சதம் யாருடைய சட்டைப் பைக்குள் போகிறது என்பதில் எங்கள் சமூகம் சங்கடத்தோடு மௌனமாக இருக்கிறது. நாங்கள் விமானத்தில் வந்தவர்கள், இவர்கள் படகில் வந்தவர்கள் என்ற பேச்சு வேறு. ஊரில் யாரைக் கிணற்றுக்கு வெளியே நிறுத்தினோம் என்று ஞாபகமுள்ளவர்களுக்கு அந்தப் பேச்சின் தொனி புதிதல்ல. தம்பி கடற்கரையான் என்பதை எத்தனைபேர் என்னிடம் தணிந்த குரலில் விசாரித்தார்கள் என்று இங்கே எழுதத் தேவையில்லை.

2014 டிசம்பரில் சட்டம் மாறியது. அடுத்த வருடம் அவனுக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்தது. பிறகு தற்காலிகப் பாதுகாப்பு விசா. அவன் போன இடங்கள், நான் இருபத்தைந்து வருடம் முன்பு போன இடங்களின் எலும்புக்கூடுகள். 2016 ஒக்டோபரில் போர்ட் மூடியது. 2017 ஒக்டோபர் 3இல் அல்டோனாவில் ரொயோட்டா, ஏறத்தாழ 2,600 பேருடைய வேலையோடு. 20ஆம் திகதி அடிலெய்டில் ஹோல்டன். டண்டினோங்கில் நான் விளிம்பு செதுக்கிய கட்டடம் இப்போது பொதி பிரிக்கும் களஞ்சியம். தம்பி அங்கே முகவர் மூலம் ஆறு மாதம் பெட்டி தூக்கினான். எந்தச் சுவருக்கு அருகே என் இயந்திரம் நின்றது என்று அவனுக்குச் சொன்னேன். அவனுக்கு அது சுவாரசியமாக இருக்கவில்லை.

2020இல் கொவிட் வந்தபோது அரசு 'ஜொப்கீப்பர்' என்று இரண்டு கிழமைக்கு 1,500 டொலர் கொடுத்தது. தற்காலிக விசாக்காரருக்கு இல்லை. நாட்டைத் தாங்கப் பத்துப் பேரில் ஒருவனாகப் பெட்டி தூக்கியவன், சம்பளம் காப்பாற்றும் திட்டத்துக்கு வெளியே. அவன் சைக்கிள் வாங்கி உணவு விநியோகம் செய்தான். அது தொழிலாளி வேலையே இல்லை. ஒவ்வொருவரும் சொந்த வியாபாரம் செய்பவர் என்று கணக்கு, ஆகையால் குறைந்த கூலி என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த வருடக் கடைசியில், இரண்டு மாதத்துக்குள், சிட்னியிலும் மெல்பேர்ணிலும் ஐந்து விநியோகக்காரர் வீதியில் இறந்தார்கள். அப்படியானவர்களுக்கும் குறைந்தபட்சத் தரம் விதிக்க ஆணைக்குழுவுக்கு அதிகாரம் கிடைத்தது 2024 ஓகஸ்டில். ஹிக்கின்ஸின் நீதிமன்றத்துக்கு வாரிசான ஆணைக்குழுதான் அது. 117 வருடத்துக்குப் பின் அதே கேள்வியைத் திரும்பவும் தொடக்கத்திலிருந்து கேட்கிறார்கள்.

2023 மாசியில், தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்த ஏறத்தாழ 19,000 பேர் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அரசு அறிவித்தது. தம்பி அதில் ஒருவன். விரைவு விசாரணையில் நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் அதில் இல்லை. அவர்கள் 2024இல் மெல்பேர்ண் டொக்லண்ட்ஸில் உள்துறை அலுவலகத்துக்கு வெளியே மாதக்கணக்காக இரவும் பகலும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், பன்னிரண்டு வயதில் படகில் வந்த தமிழ் இளைஞர், அந்த ஓகஸ்டில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது 23.

சன்ஷைனில் அன்று சட்டத்தரணி வரச் சுணங்கியது. அவருடைய உதவியாளர் பெண் ஒரு படிவத்தைத் தந்து, முடிந்ததை நிரப்பிக்கொண்டிருங்கள் என்றாள். நான் எழுத, தம்பி சொன்னான். பிறந்த இடம், தகப்பனார் பெயர், வந்த திகதி. பிறகு தொழில் விபரம், வருடவாரியாக, இடைவெளி விடாமல். 2020 விநியோகம். 2018 களஞ்சியம். 2015 கோழிப் பண்ணை. 2013, 2014 என்று வந்தபோது அவன் நிறுத்தினான். கையைப் பார்த்தான், எண்ணெய் கொட்டிய தழும்புப் பக்கம்.

"இதுக்கு என்ன எழுதிறது, ஐயா? வேலையில்லை எண்டோ?"

என் கையில் பேனா. உதவியாளர் பெண் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டத்தரணியைக் கேட்டுவிட்டு எழுதலாம் என்று சொல்லி, அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.